ஆப்பிளைக் கடித்ததும் மகனுக்கு வாய் அரிக்கிறது, தோட்டத்துக்குப் போகலாமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் தவிர்த்திருக்கிறோம். கடிதத்தின் சாரம் இது.

சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, குடும்பத்தோடு பக்கத்து ஆப்பிள் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். ஒன்பது வயது மகன் மரத்திலிருந்து பறித்த ஆப்பிளைச் சட்டையில் துடைத்துவிட்டு அப்படியே கடித்திருக்கிறான். ஐந்து நிமிடத்துக்குள் உதடும் நாக்கும் அரித்து, காதுக்குள்ளும் குறுகுறுப்பு. அரை மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிட்டது. அன்று வாங்கி வந்த அதே ஆப்பிளில் வீட்டில் 'பை' (மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் பலகாரம்) சுட்டபோது நிறையவே சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை. கடையில் வாங்கும் ஆப்பிளை மெழுகுக்குப் பயந்து தோல் சீவித்தான் கொடுப்பாராம். அதில் எப்போதாவது 'வாய் ஒரு மாதிரி இருக்கு' என்பதோடு சரி. ஆகவே தோட்டத்தில் தெளித்த பூச்சிமருந்துதான் காரணம் என்று முடிவு செய்திருக்கிறார். 'சென்னையில் இருபது வருடம் ஆப்பிள் சாப்பிட்ட எனக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லை' என்றும் எழுதியிருக்கிறார். பையனுக்கு ஏப்ரல், மே மாதங்களில் அடுக்குத் தும்மலும் கண் அரிப்பும் வரும் என்பது கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரியாக இருக்கிறது.

இந்த அக்டோபர் நீண்ட வார இறுதியில் நண்பர்கள் மறுபடி கூப்பிடுகிறார்கள். கூடவே மூன்று வயது மகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் சர்க்கரை நோயுள்ள மாமியாரும் போக வேண்டும். அவர் கேட்பவை: போகலாமா? ஆப்பிளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதுமா? ஆப்பிளுக்குப் பதில் தோட்டத்திலேயே பிழிந்து விற்கும் 'எதுவும் சேர்க்காத' சைடர் என்ற ஆப்பிள் சாற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாமா? இணையத்தில் விற்கும் நூறு உணவு ஒவ்வாமைப் பரிசோதனையைச் செய்யலாமா? தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆப்பிள் கொடுத்துப் பழக்கினால் சரியாகுமா?

இனி என் பதில்.

போகலாம். ஆனால் நீங்கள் பயப்படும் இடமும் பயப்பட வேண்டிய இடமும் வேறு வேறாக இருக்கின்றன. பூச்சிமருந்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது சைடர் பற்றிய அந்த ஒற்றை வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பையனைப் பார்ப்போம்.

காரணம் மருந்து அல்ல, மகரந்தம்

நீங்கள் சொல்லும் அடையாளங்களைக் கோர்த்துப் பாருங்கள். வசந்த காலத்தில் தும்மல். வேகாத ஆப்பிளைக் கடித்த ஐந்து நிமிடத்தில் வாயோடு நிற்கும் அரிப்பு. அரை மணியில் தானாக அடங்குவது. அதே பழம் வெந்தால் ஒன்றும் செய்யாதது. இது பெரும்பாலும் மகரந்தம் சார்ந்த உணவு ஒவ்வாமை. உங்கள் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் பிர்ச் மரம் மகரந்தம் கொட்டும். அதில் பெட்-வி-1 என்றொரு புரதம் உண்டு. ஆப்பிளில் இருக்கும் மால்-டி-1 புரதம் அதற்கு உடன்பிறப்பு மாதிரி, அதே முகச்சாயல். அண்ணனைத் தேடும் காவலர் தம்பியைப் பிடித்துக்கொள்வதுபோல, பிர்ச்சுக்கு எதிராகத் தயாராக இருக்கும் பையனின் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) ஆப்பிளைப் பிடித்துக்கொள்கின்றன. மகரந்தக் காலம் முடிந்தாலும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருக்கும். அதனால்தான் ஏப்ரல் மாத ஒவ்வாமை அக்டோபரில் வாயில் தெரிகிறது.

சென்னையில் பிர்ச் மரம் இல்லை. நீங்கள் இருபது வருடம் ஆப்பிள் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாததற்கு அது போதும். உங்கள் பகுதியில் குடியேறிப் பல வசந்தங்களைக் கழித்த பெரியவர்களுக்கும் இது புதிதாகத் தொடங்குவதுண்டு என்பதால், உங்களுக்கே நாளை வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

கடை ஆப்பிள் ஏன் பெரிதாக எதுவும் செய்யவில்லை? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வீட்டில் தோல் சீவிக் கொடுத்தீர்கள். இந்தப் புரதம் சதையைவிடத் தோலிலும் தோலை ஒட்டியும் அதிகம். தோட்டத்தில் மெழுகு இல்லை என்ற தைரியத்தில் தோலோடு ஒரு முழுப் பழம் உள்ளே போனது. ஓடியாடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் அதுவும் சேரும். உடல் உழைப்பு ஒவ்வாமையைக் கொஞ்சம் தூக்கிவிடும். ரகத்துக்கு ரகம் அளவும் மாறும். கோல்டன் டெலிஷியஸில் இந்தப் புரதம் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் 'இந்த ரகம் பாதுகாப்பு' என்று எதையும் நம்பிக் கொடுக்காதீர்கள். குளிரில் வைக்க வைக்கப் பழத்தில் இந்தப் புரதம் கூடவும் செய்கிறது. அக்டோபரில் லேசாக அரித்த பழம், குளிர்சாதனப் பெட்டியில் இருந்துவிட்டு டிசம்பரில் இன்னும் அதிகமாக அரிக்கலாம்.

பூச்சிமருந்தாக இருந்தால் 'பை'யாகச் சுட்ட பிறகு மாயமாக மறைய வேண்டியதில்லை. சூட்டில் உருக்குலைவது மால்-டி-1 புரதம்தான். இயற்கை முறையில் விளைந்த ஆப்பிளைக் கொடுத்துப் பார்த்தாலும் இப்படித்தான் அரிக்கும். எவ்வளவு கழுவினாலும் அரிக்கும், ஏனென்றால் அது பழத்துக்குள்ளேயே இருக்கிறது.

கழுவுவது வேறு காரணங்களுக்குத் தேவைதான். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதே போதும். தோலின் மேலிருக்கும் மருந்தெச்சம் உறுத்தினால் உப்பைவிடச் சமையல் சோடா நல்லது. 2017இல் உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே செய்த ஆய்வில், ஒரு சதவீத சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறிய ஆப்பிள்களின் மேற்பரப்பிலிருந்து இரண்டு மருந்துகள் நீங்கின. லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சோடா, கால் மணி நேரம், பிறகு நல்ல தண்ணீர். தோலைத் தாண்டி உள்ளே போனதை எந்தக் கரைசலும் எடுக்காது. சாப்பிடுவதற்கு முன் மட்டும் கழுவுங்கள். வாங்கி வந்த கூடை முழுவதையும் கழுவி ஈரத்தோடு அடுக்கினால் ஒரு வாரத்தில் அழுகத் தொடங்கிவிடும்.

எப்போது இது சாதாரணம் இல்லை

வாயோடு நின்றால் பயமில்லை. தண்ணீரில் கொப்பளித்து, பழத்தை நிறுத்தினால் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அடங்கும். தேவைப்பட்டால் ஒவ்வாமையை அடக்கும் செட்டிரிசின், ஆறு வயதுக்கு மேல் 5 முதல் 10 மில்லிகிராம். ஆனால் 'முன்கூட்டியே மாத்திரை போட்டுவிட்டு ஆப்பிள் சாப்பிடட்டும்' என்ற யோசனை வேண்டாம். எச்சரிக்கை மணியை மட்டும் அது அடைத்துவிடும்.

சிலருக்கு இது வாயைத் தாண்டிப் போகும். உடம்பெங்கும் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, விடாத இருமல், இழுப்பு, குரல் மாறுதல், விழுங்க முடியாமை, தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் செட்டிரிசினோடு காத்திருக்காதீர்கள், 911ஐ அழையுங்கள். மருத்துவர் கடுமையான ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசி எழுதிக்கொடுத்திருந்தால் முதலில் அதைத் தொடையின் வெளிப்பக்கம் போட்டுவிட்டு அழையுங்கள். 25 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுவாக 0.3 மில்லிகிராம் ஊசி.

இன்னொரு அடையாளத்தையும் கவனியுங்கள். வெந்த ஆப்பிளுக்கோ பாட்டில் ஜூஸுக்கோ அரித்தால், அல்லது பீச் பழத்தில் உடம்பு முழுக்கத் தடித்தால், இது மால்-டி-1 கதை அல்ல. சூட்டுக்கு அசையாத வேறொரு புரதம் தோலில் இருக்கிறது, அது கடுமையான ஒவ்வாமை தரக்கூடியது. அப்படியானால் பரிசோதனை முடியும்வரை ஆப்பிளே வேண்டாம்.

இதே உறவுக்காரப் புரதம் இருக்கும் பிற உணவுகள்: பேரி, செர்ரி, பிளம், பீச், பாதாம், ஹேசல்நட், பச்சைக் காரட், செலரி. நம் வீட்டுச் சமையலில் பலாப்பழமும் பச்சையாகச் சாப்பிடும் முளைகட்டிய பயறும் இந்தப் பட்டியலில் உண்டு, பலருக்குத் தெரியாது. அதற்காக இவற்றையெல்லாம் இன்றே நிறுத்த வேண்டாம். இதுவரை அரிக்காததைத் தாராளமாகச் சாப்பிடட்டும். சோயாப் பால், சோயாப் புரத பானங்களில் மட்டும் கூடுதல் கவனம்: பிர்ச் ஒவ்வாமை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் நிறையக் குடிக்கும்போது கடுமையான எதிர்வினை வந்ததுண்டு. கொட்டை வகைகளில் அரித்தால் 'இதுவும் மகரந்தம்தான்' என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பரிசோதனையும் பழக்குதலும்

இணையத்தில் விற்கும் அந்த நூறு உணவுப் பரிசோதனை பெரும்பாலும் ஐஜிஜி எதிர்ப்பொருளை அளக்கிறது. ஒரு உணவைச் சாப்பிட்டதற்கான சுவடு அது, ஒவ்வாமைக்கான சான்று அல்ல. பணம் போவதோடு, பாலும் கோதுமையும் முட்டையும் வேண்டாம் என்று ஒரு பட்டியல் வரும்; வளரும் பிள்ளையின் தட்டு காலியாகும். ஒவ்வாமை மருத்துவரிடம் போனால் பிர்ச்சுக்குத் தோல் பரிசோதனையோ, ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்பொருளை அளக்கும் இரத்தப் பரிசோதனையோ செய்வார். ஆப்பிளுக்குச் செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. இந்தப் புரதம் நிலையற்றது என்பதால் பரிசோதனைக்கென்றே புட்டியில் வரும் ஆப்பிள் சாறு பல நேரம் பொய்யாக 'இல்லை' என்று காட்டும். ஆகவே வேகாத ஆப்பிளில் ஊசியைக் குத்தி, அதே ஊசியால் தோலைத் தொடும் முறையை மருத்துவர்கள் பயன்படுத்துவார்கள். எந்தப் பழத்துக்கு அரித்ததோ அதையே ஒரு டப்பாவில் எடுத்துவரலாமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பரிசோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே செட்டிரிசினை நிறுத்தச் சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் கொஞ்சம் கொடுத்துப் பழக்குவது: வீட்டில் வேண்டாம். அந்த முயற்சியை மருத்துவர் மேற்பார்வையில் செய்து பார்த்திருக்கிறார்கள், சிலருக்குப் பலன் உண்டு, நிறுத்தினால் பழையபடி திரும்பவும் செய்கிறது. பிர்ச்சுக்கான தடுப்பூசி சிகிச்சை தும்மலைக் குறைக்கும். ஆப்பிள் அரிப்பும் குறையுமா என்றால், சிலருக்குக் குறைகிறது, பலருக்கு இல்லை. இந்த வயதில் எளிய வழி, தோல் சீவி, துண்டு போட்டு, மைக்ரோவேவில் உள்வரை சூடேறி மெத்தென்று ஆகும்வரை வைத்து, ஆறவைத்துக் கொடுப்பது. அதற்கும் அரித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சைடர்: இங்கேதான் கவனம்

தோட்டத்தில் விற்கும் சைடர் வடிகட்டாத, கலங்கலான, மதுவில்லாத ஆப்பிள் சாறு. பையனின் அரிப்புக்கு அது தீர்வல்ல. சூடாக்காத சாற்றிலும் அதே புரதம் இருக்கும். ஆனால் என் கவலை மூன்று வயது மகளைப் பற்றி. 'எதுவும் சேர்க்காதது' என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டீர்கள். பாஸ்டரைஸ் (சூடாக்கிக் கிருமி நீக்குதல்) செய்யப்படவில்லை என்பதும் அதில் அடங்கியிருக்கலாம். கீழே விழுந்த பழத்தில் மாட்டின் அல்லது மானின் கழிவு பட்டிருந்தால், ஈ.கோலை ஓ157 கிருமி சாற்றில் கலக்கும். சாறு புளிப்பானது, கிருமி பிழைக்காது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1991இல் உங்கள் மாசசூசெட்ஸிலேயே சைடர் குடித்த 23 பேர் இந்தக் கிருமியால் நோயுற்றார்கள். 1996 அக்டோபரில் மேற்கு மாநிலங்களில் பாஸ்டரைஸ் செய்யாத ஆப்பிள் சாற்றால் பலர் பாதிக்கப்பட்டு, பதினாறு மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அதன் பிறகே, 1998 முதல், இப்படிப்பட்ட சாற்றுப் புட்டிகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. சாறு தயாரிக்கும் ஆலைகளுக்குக் கிருமி நீக்கும் விதிகளும் வந்தன. சொந்தமாகப் பிழிந்து வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கும் தோட்டக் கடைகளுக்கு அந்த ஆலை விதியிலிருந்து விலக்கு உண்டு, புட்டியில் எச்சரிக்கை இருந்தால் போதும்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் விவரம் இன்னொன்று. கோப்பையில் ஊற்றி விற்கும் சாற்றுக்கு அந்த வாசகம் தேவையில்லை. ஆகவே கடை முகப்பில் வாசகம் இல்லாததை வைத்துப் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம். 'பாஸ்டரைஸ் செய்ததா, புறஊதாக் கதிரில் சுத்திகரித்ததா, இரண்டும் இல்லையா?' என்று நேராகக் கேளுங்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவது என்றால் பிள்ளைகள் இருவருக்கும் மாமியாருக்கும் கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் கூடாது. வாங்கியாயிற்று என்றால் வீட்டில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலோ உறைபெட்டியிலோ வைத்தால் கிருமி சாகாது. கடையில் பெரிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் 'ஹாட் சைடர்' கொதித்ததா, சும்மா சூடுகாட்டியதா என்பது பார்வைக்குத் தெரியாது.

ஏற்கெனவே குடித்துவிட்டிருந்தால் பத்து நாட்கள் கவனியுங்கள். வழக்கமாக மூன்று, நான்கு நாளில் வயிற்றுவலியும் பேதியும் தொடங்கும், பிறகு பேதியில் இரத்தம் தெரியும். அப்படியானால் உடனே மருத்துவமனை. 'சாறு குடித்தாள்' என்பதை முதலில் சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கையோ பேதி நிறுத்தும் லோபராமைடையோ கொடுக்காதீர்கள், இரண்டும் நிலைமையை மோசமாக்கக்கூடும். இந்தக் கிருமி கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு, பேதி தொடங்கிச் சுமார் ஒரு வாரத்தில், சிறுநீரகம் பாதிக்கும் கோளாறு வருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே அது அதிகம். பேதி குறைந்து, முகம் வெளிறி, சிறுநீர் குறைந்தால் 'சரியாகிவிட்டது' என்று எண்ண வேண்டாம்.

அன்று தோட்டத்தில்

அதே கிருமி ஆட்டுப் பட்டியிலும் இருக்கும். பல தோட்டங்களில் பிள்ளைகள் தொட்டு விளையாட ஆடு, முயல் வைத்திருப்பார்கள். தொட்ட பிறகு சோப்பும் தண்ணீரும்தான். சானிடைசர் அதற்கு ஈடாகாது. முதலில் பழம் பறித்தல், பிறகு சாப்பாடு, கடைசியாக ஆடு, கை கழுவல், வண்டி என்று வரிசை வைத்தால் பாதித் தொல்லை இல்லை. கீழே கிடக்கும் பழம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். விழுந்து அழுகும் பழங்களைச் சுற்றித்தான் மஞ்சள் குளவிகளும் மொய்க்கும். இலையுதிர்க் காலத்தில் அவற்றுக்கு இனிப்பின் மேல் வெறி. மகளுக்கு மூடியுள்ள குவளையில் கொடுங்கள், திறந்த டப்பாவில் வேண்டாம்.

நீங்கள் கேட்காதது உண்ணி. உங்கள் பகுதி மான் உண்ணி, கடிக்கும்போது லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும். முதிர்ந்த உண்ணிகள் அக்டோபர், நவம்பரில்தான் சுறுசுறுப்பு. குளிர் வந்துவிட்டது, பூச்சி இருக்காது என்ற கணக்கு தப்பு. முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகி. மர வரிசைக்கு நடுவே நடங்கள், ஓரப் புதர் வேண்டாம். வீடு வந்ததும் உடைகளை அதிக சூட்டில் பத்து நிமிடம் உலர்த்தியில் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளித்து, அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம், காதுப் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், வாஸ்லின், தீக்குச்சி எதுவும் வேண்டாம். 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்ததாகத் தெரிந்தால் எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள், ஒரே ஒரு வேளைக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தருவது பற்றி அவர் முடிவு செய்வார். 3 முதல் 30 நாளுக்குள் வட்டமாகப் பரவும் தடிப்பு வரலாம். நம் நிறத்தில் அது புத்தகப் படத்தில் உள்ளதுபோல் சிவப்பாகத் தெரியாது, கன்றிப்போனது போலவோ கருத்தோ இருக்கும். பரவுகிறதா என்று தினமும் புகைப்படம் எடுத்துப் பாருங்கள்.

மாமியாருக்கு

இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அன்று அவருக்கு உடனடி ஆபத்து இனிப்பைவிடத் தாழ்சர்க்கரைதான். காலை மாத்திரை போட்டுவிட்டு, 'அங்கே போய்ச் சாப்பிடலாம்' என்று புறப்பட்டு, மேடு பள்ளத்தில் இரண்டு மணி நேரம் நடந்தால் வியர்வையும் நடுக்கமும் வரும். இட்லியோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய் வழக்கமான நேரத்தில் கொடுங்கள். பையில் சர்க்கரை அளக்கும் கருவி இருக்கட்டும். 70க்குக் கீழே போனால் அரை கோப்பை, அதாவது 120 மில்லி, பாஸ்டரைஸ் செய்த ஆப்பிள் சாறு. அதில் சுமார் 15 கிராம் கார்போஹைட்ரேட். பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்து, ஏறவில்லை என்றால் இன்னொரு அரை கோப்பை. மற்ற நேரத்தில் சாறு வேண்டாம், ஒரு முழுப் பழத்தைத் தோலோடு மென்று சாப்பிடட்டும். சுடச்சுட விற்கும் சைடர் டோனட்டில் ஒன்றை அவரும் பேரனும் பாதிபாதி பகிர்ந்துகொண்டால் நான் தடுக்க மாட்டேன். அது எண்ணெயில் வெந்தது என்பதால் அவனுக்கும் அரிக்காது.